மூன்று வளையல், மூன்று பாக்கு

என் மகனுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோது, வெள்ளவத்தையில் எங்கள் லேனில் ஒருவரும் எங்கள் படி மிதிக்கவில்லை. ஆனால் விடிய எழும்பிப் பார்த்தால் மதிலின்மேல் ஒரு பிடி வேப்பிலையும் ஓர் இளநீரும் இருக்கும். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அது தவறவில்லை. வைத்தது பக்கத்து வீட்டு நேசமலர் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "காகம் கொண்டுவந்திருக்கும், அக்கா" என்றாள்.

அவள் தகப்பன் இராசரத்தினம் மருதானையில் ரயில்வேக் கந்தோர்க் கிளாக்கர். தாய் இல்லை. நேசமலர் மூத்தவள், அடுத்தவள் அன்னபாக்கியம், கடைசி றஞ்சிதம். உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம், கொட்டாஞ்சேனை இரத்தினசிங்கத்தார் தம் மூன்று ஆண்மக்களுக்கும் ஒரே வீட்டில் பெண் கேட்டு வந்தார். ஆடி பிறக்குமுன் பதில் சொல்ல வேண்டும் என்றார். பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

சாதகம் பார்த்தார்கள். றஞ்சிதத்துக்கு மூவருமே பொருந்தினார்கள். நேசமலருக்கு நடுவிலான் மட்டும். அன்னபாக்கியத்துக்கும் அதே நடுவிலான் மட்டும்.

இராசரத்தினத்தார் ஒரு சாத்திரியிடமிருந்து இன்னொரு சாத்திரியிடம் அலைந்தார். "மூத்தவள் இருக்க இளையதுகளை அனுப்பமாட்டன். மூண்டும் ஒரே பந்தலில, இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம்.

ஆனி முடியப் போகிற ஒரு பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து நிலத்தில் மூன்று வளையல்களை வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாக்கை வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள் நேசமலர். வளையல் பெண்கள், பாக்கு மாப்பிள்ளைமார். பெரிய பாக்கு மூத்தவர்.

"எனக்குப் பெரிய பாக்கை வையாதேங்கோ அக்கா. அந்த மூக்கோட ஆர் குடும்பம் நடத்திறது?" என்று றஞ்சிதம் சிரித்தாள்.

"உன்ர வாயோட அவர் நடத்துவாரோ எண்டு கேள்" என்றாள் அன்னபாக்கியம்.

நேசமலர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ஆறு மாதிரித்தான் வைக்கலாம், அக்கா. முதல் வளையலுக்கு மூண்டு பாக்கில ஒண்டு. அடுத்ததுக்கு மிச்ச ரெண்டில ஒண்டு. கடைசிக்குக் கிடக்கிறதுதான். ஆறிலயும் ஆராவது ஒராளுக்குப் பொருந்தேல்லை."

"ஏழாவதாய் ஒண்டு வராதோ, பிள்ளை?"

"வராது. அப்பா அதைத்தான் தேடித் திரியிறார்."

பிறகு தன் வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். "இப்ப ரெண்டு வளையல், மூண்டு பாக்கு. அப்பவும் ஆறு மாதிரித்தான். முந்தின அதே ஆறு. என்ர வளையல் மட்டும் இல்லை. ஆனால் இதில ரெண்டு சரிவருது."

தங்கைமாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

தகப்பனை எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஆவணியில் ஒரே பந்தலில் அன்னபாக்கியம் நடுவிலானையும் றஞ்சிதம் இளையவரையும் கட்டினார்கள். பலகாரம் சுட்டது நேசமலர். மூத்த மாப்பிள்ளை வேறிடத்தில் கலியாணம் முடித்தார்.

அதன்பின் வந்த தரகர்மார் எல்லாரும், "தங்கச்சிமார் முந்தினது ஏன்? மூத்தவளில என்ன குறை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்; திரும்பி வரவில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்காகத் தேங்காய் உடைத்தேன். ஒன்றும் அசையவில்லை. தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்தார்.

கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட வருடம், அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வாடகைக் கார் வந்து நின்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசியாதை பிள்ளை. உனக்கு வைச்ச நேர்த்தியை நான் விடமாட்டன். பிள்ளையார் ஒரு வழி காட்டுவார்" என்றேன்.

தகப்பனின் காலைத் தூக்கிக் காருக்குள் வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"விட்டிடுங்கோ அக்கா. பிள்ளையாருக்கும் ஆறு வழிதானே இருந்தது."