சதராஸ் வரை போன டெஸ்ட் டிரைவ்

கல்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் என் கணவரும். ஈ.சி.ஆரில் வெண்புருஷம் தாண்டுகிற இடத்தில் காற்று கடற்கரை மணலை வாரி ரோட்டில் போட்டிருந்தது. வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அவருக்குக் காறை எலும்பு உடைந்துபோனது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவர் பைக்கைத் தொடவே இல்லை. காலேஜ் நாளிலிருந்து பைக் ஓட்டியவர். தினமும் காலையில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் அதைத் துடைப்பார். துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க நடந்தே போவார். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பைக்கை விற்றுவிட்டோம்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போவேன். கணவரிடம் சொன்னபோது, "நல்லா கத்துக்க" என்றார். நீயா, எதுக்கு, செலவு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சும்மா இருந்ததே எனக்குப் பெரிய தைரியம்.

லைசென்ஸ் வந்ததும் ஒரு சனிக்கிழமை இருவரும் கன்சல்டிங்குக்குப் போனோம். பழைய கார் வாங்கி விற்கிற கடையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே சில கார்கள், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. கடைக்காரரை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"வாங்க சார், வாங்க. இன்னா பட்ஜெட்டு? பெட்ரோலா டீசலா?"

"ஓட்டப் போறது அவங்க பாய். அவங்களைக் கேளுங்க" என்றார் என் கணவர்.

பாய் என் பக்கம் திரும்பினார். ஒரு நொடி யோசித்துவிட்டு, "மேடம், கலரு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் நின்ற வெளிர்நீலச் சின்னக் காரைக் காட்டினேன். வந்ததிலிருந்து கண் அதன் மேலேயேதான் இருந்தது. "சூப்பர் செலக்ஷன். ஒரே ஓனரு. டாக்டரு வச்சிருந்த வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் தவிர எங்கியும் போனதில்ல" என்றார் பாய். அங்கே நின்ற கார்களில் பாதிக்கு மேல் டாக்டர் வண்டிகள்தான் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

ஓட்டிப் பார்க்கணும் என்றேன். கூட வர வேண்டிய கடைப் பையன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தான். கடையை விட்டுவிட்டு பாயாலும் வர முடியாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போதே ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. புர்கா போட்ட ஒரு பெண்மணி டிபன் கேரியரோடு இறங்கினார். பாயின் மனைவி. நாற்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் எப்போதும் சிரிக்கப் போகிற மாதிரி ஒரு களை.

"நல்ல நேரத்துல வந்த. மேடம் கூடப் போயிட்டு வா. பைபாஸ் வரைக்கும் போயி திருப்பிகினு வந்துருவாங்க" என்றார் பாய்.

"சோறு ஆறிடும், சாப்டுங்க" என்று கேரியரை மேஜையில் வைத்துவிட்டு அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். என் கணவர் பின்னால் உட்கார்ந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வந்துகொண்டிருந்தன.  டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. வண்டி ஒருமுறை ஆஃப் ஆனது. பின்னாலிருந்தவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"அவன் கெடக்கறான். நீங்க மெதுவா எடுங்க" என்றார் பாயின் மனைவி. "லாரி ரோடு வாணாம்மா. திருக்கழுக்குன்றம் ரோட்ல போங்க. அங்க காலியா கீது."

திருப்பினேன். அவர் சொன்னது சரிதான். ஊர் தாண்டியதும் ரோடு அமைதியாகிவிட்டது. இருபக்கமும் வயல், நடுநடுவே ஏரிக்கரை. மூன்றாவது கியருக்குப் போனேன், பிறகு நாலாவது. முதல்முறையாக நான் வண்டி ஓட்டுகிறேன் என்ற நினைப்பே இல்லாமல் ஓட்டினேன். பேச்சும் வந்துவிட்டது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார். அவர் கடைக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவருவதைச் சொன்னார். மேடம் என்பது போய் தங்கச்சி வந்தது. நானும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும், இதற்கு மேல் போனால் பாய் கோபித்துக்கொள்வார், திருப்பிவிடலாம் என்றேன்.  அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த ரோடு அப்படியே நேரா சதராஸ் போவுது. அங்கதான் என் அம்மா வூடு" என்றார். "ரம்ஜானுக்குப் பாத்தது. ரெண்டு பஸ் மாறணும். கடையிருக்கு, சமையல் இருக்கு... அப்படியே நாள் போய்கினே கீது."

சதுரங்கப்பட்டினத்தைத்தான் எங்கள் பக்கத்தில் சதராஸ் என்போம். நான் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். என் கணவர் சொன்னார்: "போலாமே. தூரமா ஓட்டினாத்தானே வண்டி எப்படின்னு தெரியும்."

பாதி வழியில் அக்காவின் போன் அடித்தது. பாய் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"எங்க கீறீங்க? இன்னாச்சு? எங்கியாவது இடிச்சிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. வண்டி நல்லா போய்கினு கீது."

"எங்க போய்கினு கீது?"

"சதராஸுக்கு."

 பாய், "பெட்ரோல் கீதான்னு பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சதராஸ் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் அந்த வீடு. கார் சத்தம் கேட்டு அக்காவின் அம்மா வெளியே வந்தார். கையில் மீன் கழுவிய ஈரம். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடம் காரைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"வாங்கிட்டாரா? மாப்புள வாங்கிட்டாரா உனக்கு?"

அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். "ஏ, இங்க வந்து பாரு. என் பொண்ணு காருல வந்துகீறா. இத்தினி வருசமா ஊருக்கெல்லாம் காரு வித்தாரு, இப்பத்தான் பொண்டாட்டிக்கு ஒண்ணு வச்சிகினாரு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.  அந்த அம்மாவின் சந்தோஷம் அப்படியிருந்தது.

எங்களை யார் என்று கேட்டதற்கு, "பிரண்டுங்கம்மா" என்றார் அக்கா. பிரண்டுகளைச் சாப்பிடாமல் அனுப்புவார்களா? கூடத்தில் கோரைப்பாய் விரித்து உட்கார வைத்து, சோறும் நெத்திலி வறுவலும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும், "என்னை ஒரு சுத்து கூட்டிகினு போயேன்" என்று மகளிடம் கேட்டார். மகளுக்கு ஓட்டத் தெரியாது என்பதைக்கூட அவர் யோசிக்கவில்லை. நான் ஓட்டினேன். முன் சீட்டில் அம்மா. பின்னால் அக்காவும் என் கணவரும். கண்ணாடியை முழுசாக இறக்கச் சொல்லி, தெரிந்த முகங்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரோடு முடிந்து கடல் தெரிகிற இடம் வரை போய்த் திரும்பினோம். 

கிளம்பும்போது என் கணவர், "மாமல்லபுரம் வழியா போலாம்" என்றார். அது சுற்று வழி. ஏன் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஈ.சி.ஆரில் ஏறி வடக்கே திரும்பினேன். சவுக்குத் தோப்புகள் கடந்துபோயின. காற்று காரை லேசாகத் தள்ளியது. பைக் சறுக்கிய அந்த இடம் நெருங்க நெருங்க என் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது.

"இங்கதான்" என்றார் என் கணவர் பின்னாலிருந்து.

"நிறுத்தட்டுமா?"

"வேணாம். போ."

போனோம். ரோட்டில் அன்றைக்கும் ஓரத்தில் மணல் படிந்திருந்தது. கார் அதன் மேல் சரசரவென்று போனது. அவ்வளவுதான்.

இங்கே என்ன என்று முன் சீட்டிலிருந்து அக்கா கேட்டார். என் கணவர் சொல்ல ஆரம்பித்தார். விழுந்தது, நான் எழுந்து ஓடி வந்தது, யாரோ ஒரு மீன் வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போனது, அன்றிலிருந்து பைக் சாவியைக் கையில் எடுத்தால் தோள்பட்டை இறுகிப்போவது. இந்தக் கடைசி விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்ததோ என்னவோ. முகம் பார்க்காமல் பேச முடிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேட்டு முடித்த அக்கா தன் கதையைச் சொன்னார். "இருபது வருசமா இந்த வியாபாரம். ஒரு வண்டியிலயும் என்னை அம்மா வூட்டுக்குக் கூட்டிகினு போனதில்ல. கிலோமீட்டர் ஏறிடும், கோடு விழுந்துடும்னுவாரு. அவரு சொல்றதும் சரிதான். விக்கிற வண்டி." பிறகு, "அம்மாகிட்ட பொய் சொல்லணும்னு நினைக்கல தங்கச்சி. ஆனா இல்லன்னு சொல்ல வாய் வரல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்கு வந்தபோது பாய் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இறங்கியதும் முதலில் குனிந்து மீட்டரைப் பார்த்தார். அப்புறம் டயரை. அப்புறம்தான் மனைவியை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அம்மா நல்லா கீறாங்களா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். பாய் என் பக்கம் திரும்பி, "மேடம், இதுக்கு மேல வேற வண்டி காட்டுங்கன்னு கேட்டீங்கன்னா எனக்கு நெஞ்சு வலி வந்துடும்" என்றார்.

வேறு வண்டி கேட்கவில்லை. அந்த வாரமே அந்த நீலக் கார் எங்கள் வாசலுக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். இன்னொரு முறை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு சதராஸ் போனோம். இறங்கினதும் இறங்காததுமாக அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது என் காரு இல்ல. இவங்க வாங்கினது. அன்னிக்கு ஓட்டிப் பாக்க எடுத்துகினு வந்தோம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பினார். "சரி வுடு. அவகிட்ட சொல்லிக்காத" என்றார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அதற்கப்புறம் அந்தக் கார் எங்களோடு இருந்த வருஷங்களில் மாதம் ஒருமுறையாவது சதராஸ் போனோம். சில தடவை பாயும் கடையை மூடிவிட்டு வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றும்போதெல்லாம் "சத்தம் வருது, பாத்துக்கங்க" என்பார். மார்கழியில் வேடந்தாங்கலுக்கு ஒருமுறை எல்லோரும் போனோம். அக்காவின் அம்மாவும் வந்தார். ஏரி முழுக்கப் பறவைகள் நின்றதைப் பார்த்து, "இதுங்களுக்கு மீன் போதுமா?" என்று கவலைப்பட்டார். ஒரு ஐப்பசி மழையில் மாமல்லபுரத்தில் வைப்பர் நின்றுபோனது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மழை விடும் வரை உள்ளேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். இப்போது அந்த நாட்களை நினைத்தால் நடந்தது எதுவும் வரிசையாக வருவதில்லை. ஈரத் துணி, வேர்க்கடலை, அக்கா பூசும் அத்தர் எல்லாம் கலந்த அந்தக் காரின் வாசனைதான் முதலில் வருகிறது.

என் கணவருக்கு மாற்றல் வந்து நாங்கள் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். அதற்குள் காருக்கு வயதாகிவிட்டது. மேட்டில் ஏற முனகும். ஏ.சி. போட்டால் இன்னும் முனகும். பாயிடமே கொண்டுபோய் விட்டோம். சாவியைக் கொடுத்துவிட்டு என் கணவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் கடைசிவரை ஸ்டியரிங்கைப் பிடிக்கவே இல்லை. ஆனால் அந்தக் காரில் ஏறி உட்கார ஒருநாளும் தயங்கியதில்லை.

அக்காவின் அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். தூக்கத்திலேயே. பாய் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அக்காவோடு சதராஸ் வீட்டுக்கே போய்விட்டார். போன மாதம் அங்கே போயிருந்தோம். பாய் கைலியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் புதுக் காரில் இன்னின்ன குறை என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அன்று சந்தையில் சங்கரா என்ன விலை விற்றது என்று ஆரம்பித்தார். நான் முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.