மழை நாளிலும் பெரட்டுக்குப் போக வேண்டும்

அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன, கொழும்பில் என் வேலை போனது. அவர்களுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று அப்போது புரியவில்லை, இப்போதும் பெரிதாகப் புரிந்துவிடவில்லை. நான் மென்பொருள் கம்பனி ஒன்றில் பரிசோதகராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் எங்கே பிழை என்று தேடிச் சொல்ல வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் என்றால் நான் பிறந்ததே அதற்குத்தான் என்பார் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை ஆளணிப் பிரிவு மிஸ் எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். "நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் குழைந்தபடி ஒரு தாளை நீட்டினார். சொந்தக் காரணங்களால் நானாகவே வேலையை விடுகிறேன் என்று அதில் இருந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தார்கள். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கித்துல்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகள்தான் லயம். அங்கே ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சித்தி வந்துவிட்டார்.

"நிப்பாட்டிட்டாங்களா? என்னத்த களவெடுத்த?"

எங்கள் தோட்டத்தில் களவெடுத்தால்தான் ஆளை நிறுத்துவார்கள். வேறு எதற்கும் நிறுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

"கம்ப்யூட்டரத்தான் சித்தி. பேக்குல இருக்கு, பாக்குறீங்களா?" என்றேன்.

சித்தி போனதும் அம்மா பிடித்துக்கொண்டார். "கையெழுத்த போட்டுக் குடுத்துட்டு வந்துரு புள்ள. இப்ப இருக்குற நெலமையில தமிழ் புள்ள கொழும்புல தனியா இருந்துகிட்டு வம்பு வளக்கலாமா?"

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்த காலம். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் விடியும்போதே மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. ஆனாலும் அம்மா பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்துக்குப் போனார். லயத்தில் எல்லோரும் போனார்கள். வந்து நிற்கும் ஆளுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும், அல்லது இல்லை என்று நேரில் சொல்ல வேண்டும். வீட்டில் படுத்திருந்தால், வேலைக்கு வரவில்லை என்று நம் தலையில் எழுதிவிடுவார்கள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை குடைக்குள் இருந்தபடி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் அம்மா. கடைசியில் கணக்கப்பிள்ளை சலித்துப்போய், தண்ணீர் வடியக் கான் வெட்டும் வேலை கொடுத்தார்.

மத்தியானம் முழங்கால்வரை சேற்றோடு வந்த அம்மாவிடம் கேட்டேன். "மழையில எதுக்கும்மா போயி நிக்கிறீங்க?"

"போகாட்டி நாமளா வரலன்னு போட்டுருவாங்கல்ல..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் மட்டும் நானா போறேன்னு எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

"அது வேற, இது வேற" என்று முணுமுணுத்தபடி கால் கழுவப் போய்விட்டார். ஆனால் திங்கட்கிழமைக்கு வேண்டிய சட்டையை அவரே ஸ்திரி போட்டு வைத்தார்.

திங்கட்கிழமை காலை என் வேலை அட்டைக்குக் கம்பனிக் கதவு திறக்கவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டேன். உங்களுக்கு இனி இங்கே வேலை இல்லையாமே என்று காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்ல வேண்டியவர் வந்து சொல்லட்டும் என்றேன். தேநீர் நேரமும் கடந்த பிறகு ஆளணி மிஸ் அதே தாளோடு இறங்கி வந்தார். நீங்களாகவே போனால் உங்கள் பெயருக்குக் கெடுதல் வராது என்றார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "நான் வேலைக்கு வந்திருக்கிறேன். இல்லை என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வேலை இல்லை. நிறுத்திவிட்டோம்."

அதையே எழுத்திலும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். வேலை போனது போனதுதான். பஸ் நிலையத்திலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொல்லி, வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

லயத்துக்குத் திரும்பியபோது சித்தி வாசலில் தயாராக இருந்தார். "என்ன, விட்டுட்டு வந்துட்டியா?"

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. "எம் புள்ள ஒண்ணும் விட்டுட்டு வரல. அவங்கதான் நிப்பாட்டுனாங்க. அத அவங்க வாயாலயே சொல்ல வச்சிட்டு வந்திருக்கா!"

அடுத்த வேலை கிடைக்க மாதக்கணக்காயிற்று. போன இடமெல்லாம், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். நான் விடவில்லை, நிறுத்தினார்கள் என்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று அடுத்த இடத்துக்குப் போய் நின்றேன்.