அம்மாவின் தறிக்கு எதிரே ஒரு சிவப்பு பல்பு

சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தறிக்கூடம். தறிகள் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மா அந்தச் சத்தத்துக்குள் இருப்பாள்.

அவசரத்துக்குக் கூப்பிட ஒரு வழி வேண்டுமென்று, காந்திபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்த மாமா சமையலறையில் ஒரு பொத்தானும், அம்மாவின் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு பல்பும் வைத்துக்கொடுத்தார். நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் எட்டுக் காலோடு கறுப்பாக ஒன்று, மரவட்டைக் குஞ்சு மாதிரி. டைமர் ஐசி என்றார்.

"நீ அமுக்குனா பல்பு எரியும் அம்மணி. அப்பத்தான் இந்தக் கெப்பாசிட்டர்ல கரண்டு ஏற ஆரம்பிக்கும், தொட்டியில தண்ணி ஏறுற மாதிரி. மூணுல ரெண்டு பங்கு ரொம்புச்சுன்னா ஐசி பல்பை அணைச்சு, தொட்டியையும் காலி பண்ணிப்போடும்."

"எரியறப்பவே மறுக்கா அமுக்குனா என்னாகுங்க மாமா?"

"அது கண்டுக்காது. நீ தலைகீழா நின்னாலும் அணைஞ்சதுக்கு அப்பறந்தான்."

பால் பொங்கினாலோ விருந்தாளி வந்தாலோ அமுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பென்சில் முனை ஒடிந்ததற்கும், பூனை வந்ததற்கும், பூனை போனதற்கும் அமுக்கினேன். அம்மா புருவமெல்லாம் பஞ்சுத்தூசியோடு ஓடி வருவாள். "இதுக்கா கண்ணு கூப்புட்டே?" என்று என் தலையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். எனக்கு வேண்டியது அந்தக் கைதான்.

பிறகு சில நாள் வரவில்லை. பல்பு எரிந்து அணைந்தும் வாசலில் ஆள் வராது. மாமா வந்ததும் முறையிட்டேன். "அம்மா பாத்துப்போட்டும் வரமாட்டேங்குதுங்க மாமா."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து ரெசிஸ்டரை மாற்றினார். கரண்டு வரும் குழாயைச் சின்னதாக்கினால் தொட்டி மெதுவாக நிரம்புமாம். "இனி ரொம்ப நேரம் எரியும். உங்கம்மாதான் மாத்தச் சொன்னாங்க."

ரொம்ப நேரம் எரிந்தால் அவ்வளவு நேரம் மறுபடி கூப்பிட முடியாது. என் தொந்தரவு தாங்காமல்தான் அம்மா இப்படிச் செய்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். அதன்பின் பொத்தானைத் தொடவே இல்லை.

இப்போது நானும் தறி ஓட்டுகிறேன். இழை அறுந்தால் குனிந்து, நுனியைத் தேடி, முடிச்சுப் போட்டு நிமிர வேண்டும். அதற்குள் எதிர்ச் சுவரில் எது எரிந்து அணைந்தாலும் தெரியாது. நிமிரும்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள். அம்மா இல்லாமல் போனபின் இது எனக்குப் புரிந்து என்ன பயன்.

பொத்தானைத் தொடாமல் இருந்த அந்த நாட்களில் ஜன்னல் வழியே அவளை எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் பிறகு தலையை நிமிர்த்தி, எரியாத அந்த பல்பைப் பார்ப்பாள். மறுபடி குனிவாள். மறுபடி பார்ப்பாள்.

நான் எங்கே அமுக்கிவிடுவேனோ என்று காவல் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.