சுருக்கத்தில் விட்டுப்போன வரி

புதிதாக வந்த மருத்துவக் கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார் மருத்துவர். மேற்கோள் பட்டியலின்மீது அடிக்கோலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்குகிறார். தம் பெயர் வந்ததும் அடிக்கோல் நிற்கிறது. பின்னர் முன்பக்கங்களுக்குத் திரும்பி, அந்தப் பெயரை எதற்காகக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று தேடுகிறார். சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சைப் புள்ளி. தவறாக இருந்தால் சிவப்புப் புள்ளி. அன்று மாலையே எழுதியவருக்கு ஒரு கடிதம். நோயாளிகளை அழைப்பதற்கு முன் நாள்தோறும் அரைமணி நேரம் இது நடக்கிறது. மாதந்தோறும் அவரிடம் வரும் நான், பாதி திறந்த கதவின் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதய மருத்துவர், ஐம்பத்தைந்து வயது. சட்டைப் பையில் அந்த இரண்டு பேனாக்களைத் தவிர வேறு பேனா கிடையாது. ஸ்டெதஸ்கோப்பை நம்மீது வைக்குமுன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார். சக மருத்துவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘தபால்காரர்’.

“அவனவன் தன்னைப் பத்தி நாலு பேர் பேசமாட்டாங்களான்னு ஏங்குறான். இவர் என்னடான்னா, பேசினவங்களைத் தேடிப் போய்ச் சண்டை போடுறார்,” என்று அவருடைய மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னார். அதே மருத்துவமனையின் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

சண்டைக்குக் காரணம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அவருடைய கட்டுரை. இதயம் பலவீனமானவர்கள், கால்வீக்கம் வடிந்த பிறகு நீர் மாத்திரையை நிறுத்தலாமா என்பது கேள்வி. பெரும்பாலோர் நிறுத்தலாம், எழுபதைக் கடந்தவர்கள் நிறுத்தக் கூடாது என்பது விடை. கட்டுரையின் சுருக்கம் இருநூற்றைம்பது சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்றது ஆய்விதழ். பதினொரு சொற்கள் மிகுந்தன. கடைசி வரியை அவரே வெட்டினார். முதியவர்களைப் பற்றிய எச்சரிக்கை அந்த வரியில்தான் இருந்தது. ஐந்தாம் பக்கத்து அட்டவணையில் இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டாராம்.

“அஞ்சாம் பக்கம் வரைக்கும் யாரும்மா வர்றாங்க? வாசல்லயே எட்டிப் பாத்துட்டுப் போயிடுறாங்க,” என்றார் என்னிடம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எழுபத்தாறு வயதுப் பெண்மணி ஒருவரை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். வெளியூர் மருத்துவர் ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். அதற்கு ஆதாரமாக அவர் குறித்திருந்தது இவருடைய கட்டுரையைத்தான். அந்த அம்மையார் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மேசைக்கு அடிக்கோல் வந்தது. ஆய்விதழுக்குத் திருத்தமும் போயிற்று, அவர்களும் வெளியிட்டார்கள். கட்டுரையை இதுவரை அறுநூற்றுப் பதினேழு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். திருத்தத்தை நான்கு பேர்.

சென்ற வாரம் நான் உள்ளே அமர்ந்திருந்தபோது அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு படிவத்தோடு வந்தார். துறைத் தலைவர் பதவிக்கான விண்ணப்பம் அது. இவருடைய வயதில் மறுமுறை வாய்ப்பில்லை.

“சார், அஞ்சு மணியோட முடியுது. மேற்கோள் கட்டம் மட்டும்தான் காலியா இருக்கு.”

“எத்தனை வேணும்?”

“ஒரு கட்டுரைக்குக் குறைஞ்சது அறுநூறு. உங்களுக்குத்தான் அறுநூத்திப் பதினேழு இருக்கே! எழுதிக் குடுங்க, ஸ்வீட்டுக்குச் சொல்லிடுறேன்.”

“அதுல அறுபத்திநாலு பேர் நான் சொல்லாததைச் சொன்னேன்னு எழுதியிருக்காங்க.”

“திட்டினாலும் கணக்குல சேரும் சார். கம்ப்யூட்டருக்குப் பச்சை, சிவப்பெல்லாம் தெரியாது.”

“எனக்குத் தெரியுதே.”

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார், நானாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்பதுபோல.

“வீட்டுல அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்களேன் சார்.”

“அறுபத்திநாலுன்னு எண்ணிக் குடுத்ததே அவங்கதான்.”

பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். கட்டத்தில் 553 என்று எழுதிக் கையெழுத்திட்டு, படிவத்தைக் கண்காணிப்பாளர் பக்கம் நகர்த்தினார். அவர் அதை ஏந்தியபடி வெளியேறினார்.

“மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லலையே?”

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஒவ்வொரு மாதமும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். இல்லை என்று தலையசைத்தேன். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் வழக்கத்தைவிட நெடுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.