சுறா வயிற்றில் என்ன தேடினேன்?

போன சனிக்கிழமை நான் மீன் வாங்கினேன்!

பாலக்காட்டில் எங்கள் கோயில் தெருவில் மீன் என்ற பேச்சே ஆகாது. நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை வாங்கும் வீடுகள் அங்கே நான்கு. இனி அந்த நான்கிலும் எனக்குக் காபி கிடைக்காது. போகட்டும்.

காலேஜில் நான் விலங்கியல் வாத்தியார். ஆறு மாதமாகச் சுறாவைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதுகிறேன். செவுள், துடுப்பு வரை சிரமமில்லை. ஆண் சுறாவுக்கு இணைசேர, வயிற்றுத் துடுப்பை ஒட்டி நீளமாக இரண்டு உறுப்புகள் உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டே அவற்றுக்கு 'இணைகோல்' என்று பெயர் வைத்தேன். கருப்பைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பால்சுறா குட்டி போடுமாம், குட்டிக்குத் தொப்புள்கொடிகூட உண்டாம். மீனுக்குத் தொப்புள்கொடியா? காலேஜ் பாட்டிலில் ஊறுவதோ ஒரே ஒரு ஆண் சுறா. கண்ணால் பார்க்காமல் எப்படி எழுதுவது?

எழுதாவிட்டால்தான் என்ன? வீட்டில் பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் குழந்தை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. மனைவி கொல்லங்கோட்டில் பிறந்தகத்திலேயே தங்கிவிட்டாள். வா என்று நானும் எழுதவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

சந்தையில் மீன்கார ரங்கம்மாளிடம் வயிறு பெருத்த ஒரு பால்சுறாவைக் காட்டினேன். நாற்றம் தாங்காமல் மேல்துண்டால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் — சுறா துண்டு துண்டாக இலையில்! வயிற்றில் இருந்ததையெல்லாம் காக்கை கொத்திக்கொண்டிருந்தது.

"அடடா, எனக்கு அதுதானே வேணும்!"

"கொடலப் போயிக் கேக்கறீங்களே சாமி!" என்று சிரித்தாள். "புள்ள பெத்த அம்மணிக்குத்தானுங்களே? இதத் தின்னா பால் நல்லா ஊறுமுங்க."

எங்கள் தெருக்காரன் வெட்கத்தை விட்டுச் சுறா வாங்க வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்... முடியவில்லை.

"குழந்தை தங்கலை. அவ ஆறு மாசமா அம்மா வீட்டிலே இருக்கா. மீன் எனக்குத்தான், வயித்தைப் பாத்து எழுதறதுக்கு."

ரங்கம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மணியத் தனியா உட்டுப்போட்டு, மீனு வயித்துல என்னத்தைங்க தேடறீங்க?"

காசைக் கொடுத்தேன். இலையை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் கொல்லங்கோடு போனேன். மனைவிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

"இப்போதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இதை அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குப் பிறகு அவள் இன்னும் பேசவில்லை... நானும் இன்னும் கிளம்பவில்லை.