மாமா தொங்கவிட்ட குண்டு பல்பு

என் மாமனார் என்னிடம் முதன்முதலாகப் பேசியது ஒரு குண்டு பல்பைப் பற்றித்தான். நான் சங்கரன்கோவிலுக்கு வாழ வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது அப்போது. அதுவரை நான் சோறு வைப்பேன், அவர் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பை லேசாகத் தட்டுவார். பக்கத்து ஊரான திருவேங்கடத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை மகன் தன்னைக் கேட்காமலே கட்டிக்கொண்டு வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. என் அப்பாவும் எனக்குக் கதவைச் சாத்தியிருந்தார். கணவருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். மாமியார் முன்பே காலமாகிவிட்டதால், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பகலெல்லாம் யாரோடும் பேசாமல் இருக்க முடியாமல்தான் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். பொரித்து ஒரு நாளே ஆனவை. அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து விட்டேன். கார்த்திகை மழை. விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் விறைத்துக் கிடந்தன. அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். செத்த குஞ்சுகளுக்காக மட்டும் அல்ல. மாமா குளிக்கப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் சுத்தியல் சத்தம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தகரமும் வயரும் அவர் கைக்குப் பழக்கம். தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டி, உள்ளே உமியைக் கொட்டி, குஞ்சுகள் உமியைத் தின்றுவிடாதபடி மேலே செய்தித்தாள் விரித்தார். குறுக்கே ஒரு கம்பு வைத்து அதில் பல்பைத் தொங்கவிட்டார். மிஞ்சிய குஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து விட்டபின், தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஒண்ணுமேல ஒண்ணு ஏறிச்சின்னா குளிருதுன்னு அர்த்தம், பல்ப எறக்கணும். வெலகி நின்னு வாயத் தொறந்தா சூடு, ஏத்தணும். பரவிப் படுத்துக் கெடந்தா தொடவே கூடாது.”

“சரி மாமா” என்றேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியான மழையில் கரண்ட் போனது. பல்பு அணைந்ததும் குஞ்சுகள் கத்திய கத்தலில் எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமா அடுப்புத் தணலை மண்சட்டியில் அள்ளிச் சாம்பல் போட்டு மூடி, நடுவில் கொண்டுவந்து வைத்தார். “ஏட்டி, சாக்க எடு! சன்னலத் தொற மக்கா, பொகை அடையப் போவுது!” பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல ‘மக்கா’ என்றது அவசரத்தில் வாய் தவறி வந்த வார்த்தையா, தெரியாது. கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் சாக்கைப் பிடித்துக் காற்றை மறைத்து உட்கார்ந்திருந்தோம். தன் பஸ்ஸில் ஒரு அம்மாளுக்குப் பிள்ளை பிறந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். நான் சிரித்தேன். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

இப்போது மாமா இல்லை. பின்கட்டு நிறையக் கோழிகள் இருக்கின்றன. குஞ்சு வாங்க வருகிறவர்களுக்கு அவர் சொன்னதைத்தான் அதே வார்த்தைகளில் சொல்லுகிறேன். ஆனால் நான் அவருக்கு நன்றி சொல்ல நினைப்பது கோழிகளுக்காக அல்ல.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிய சமயம், ஒரு சேவலையும் பெட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் திருவேங்கடத்துக்கு டவுன்பஸ் ஏறியிருக்கிறார். அங்கே நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். என் அப்பா உள்ளே கூப்பிடவில்லை. மாமா வாசலிலேயே பையை இறக்கி வைத்துவிட்டு, “இது ஒங்க மக வளத்தது. நானும் அவகிட்டப் பேசாம ஒரு வருசத்தப் பாழாக்கிட்டேன். நீங்களும் அப்படிச் செய்யாதீங்க” என்றாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். மாமா அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு, நாங்கள் மூன்று பேரும் அழுது தீர்க்கட்டும் என்பதுபோல, சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கடைக்குப் போனார். வீட்டில் பால் இருந்தது.