இரண்டு மணி பதினைந்து நிமிடம்

கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு என்னை மாற்றியபோது மகளுக்கு நாலு வயது. கணவருக்குச் சென்னையில் வங்கி வேலை. அவளை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். டாலிகஞ்சில் ஒரு மாடி அறை. காலையில் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டே போவேன், மாலையில் நசுங்கிக்கொண்டே வருவேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹவுராவில் ரயில் ஏறுவேன். ஒரு நாளுக்கு மேல் பயணம். ஒரிசா தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். ஐந்து நாள் லீவில் பாதி தண்டவாளத்துக்கே போய்விடும். திரும்பி வந்த அன்றே அலுவலகம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கு அலுத்துவிட்டது.

ஒரே ஒருமுறை, மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது, விமானத்தில் போனேன். அதுதான் முதல் தடவை. இரண்டு மணி பதினைந்து நிமிடம். திரும்பி வந்து ஒரு வாரம் அலுவலகத்தில் எல்லார் காதிலும் ஓதினேன்.

கணவன் மனைவியை ஒரே ஊரில் வைக்கும் மாறுதலுக்கு வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் வாங்குவார்கள். அதில் ஒரு கட்டம்: இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம், பயண நேரம். ஆயிரத்து அறுநூற்று அறுபது கிலோமீட்டர் என்று எழுதி, பக்கத்திலேயே "விமானத்தில் 2 மணி 15 நிமிடம்" என்று அழகாக எழுதினேன். விமானம் ஏறியவள் ரயில் நேரத்தை எழுதுவாளா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

சென்னையில் காலியாக இருந்தது ஒரே இடம். அது என்னைவிட ஒரு வருடம் பின்னால் வந்தவருக்குப் போனது. அவர் மனைவியும் அதே சென்னையில்தான். தலைமை எழுத்தரிடம் போய்ச் சண்டை போட்டேன். எல்லாரும் பொடோபாபு என்று கூப்பிடும் அந்தப் பெரியவர் பொறுமையாக இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மற்றவர் "ரயிலில் 28 மணி நேரம், தாமதம் நீங்கலாக" என்று எழுதியிருந்தார்.

"பயண நேரத்தை வச்சுத்தான் மேலே வரிசைப்படுத்தறாங்க தீதி" என்றார் பொடோபாபு வங்காளத்தில். "நான் தினமும் பர்தமான்லேருந்து லோக்கல் ரயில்ல வரேன். எனக்கே உங்களைவிட ஜாஸ்தி நேரம் ஆகுது."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. இனி அடுத்த வருடம்தான் என்றார்.

மாலையில் டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு மணி நேரம்னா எழுதின?" என்று அவர் கத்தியது பக்கத்தில் இருந்த மகளுக்குக் கேட்டுவிட்டது. ஃபோனை அவள் வாங்கிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறு முடிந்திருந்தது.

"அம்மா, அங்கேருந்து ரெண்டு மணி நேரத்துல வந்துடலாமா?"

"வரலாம் கண்ணு."

கல்கத்தா ரொம்ப ரொம்பத் தூரம், அதனால்தான் அம்மாவால் வர முடியவில்லை என்று இரண்டு வருடமாக அவளிடம் சொல்லிவந்தோம். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீ வேணும்னேதான் வரலையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.